தூங்காத கையில் ஊசி

செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின நாள் நைட்-அவுட் போடாத ஆள் நம்ம ஹாஸ்டலில் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரை கொஞ்சம் குறைவாகத்தான் புரியும். மற்றவர்கள் நினைத்துப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு முதல் யூனிட்டைத் திறந்து, ஒரு மணிக்கு டீயும் பன்னும் சாப்பிட்டு, மூன்று மணிக்கு "இதுல இருந்து கேக்க மாட்டாங்கடா" என்று ஒரு யூனிட்டையே தூக்கிப் போட்டுவிட்டு, காலையில் ஹாலில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? கேள்வித்தாளின் முதல் வரியை மூன்று தடவை படிக்க வேண்டியிருக்கும். போன செமஸ்டரில் நான் என் ரிஜிஸ்டர் நம்பரையே தப்பாக எழுதினேன். இன்விஜிலேட்டர் விரலால் தட்டிக் காட்டினார். ஒரு கோடு போட்டு அடித்துத் திருத்தியாச்சு. அதோடு முடிந்தது.

என் அக்காவும் இதே மாதிரி ஒரு தப்பு செய்தாள். அவள் மாற்றி எழுதியது ரத்தம் எடுத்த டியூபில் இருக்க வேண்டிய நோயாளியின் பெயரை.

அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். அக்கா தென்மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன். அதாவது நாலரை வருஷம் எம்.பி.பி.எஸ். படித்து முடித்துவிட்டு, கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு வருஷப் பயிற்சியில் இருக்கிறாள். நம்ம ஊரில் அதை சி.ஆர்.ஆர்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதில் இரண்டாவது 'ஆர்' என்பது 'ரெசிடென்ஷியல்'. ஆஸ்பத்திரியிலேயே குடியிருப்பவர் என்று அர்த்தம். சும்மா பேருக்கு வைத்த வார்த்தை இல்லைங்க அது.

இந்தக் குடியிருப்புப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஒரு சுவாரஸ்யமான ஆள் கிடைக்கிறார். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1889-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறந்தபோது அங்கே அறுவை சிகிச்சைத் துறையைக் கட்டியெழுப்பியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். இளம் டாக்டர்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கி, ராப்பகலாக வேலை செய்து கற்றுக்கொள்ள வேண்டும் என்ற முறையை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர். பெரிய மேதை, சந்தேகமே இல்லை. ஆனால் அதே ஹால்ஸ்டெட், கொக்கெயினை மரத்துப்போக வைக்கும் மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று தன் மேலேயே சோதனை செய்யப்போய் அதற்கு அடிமையானவர். பிறகு மார்ஃபினுக்கும் அடிமையானார். அந்த மனுஷன் வகுத்த டைம்டேபிளைத்தான் உலகம் நூறு வருஷத்துக்கு மேல் "டாக்டர்னா இப்படித்தான் இருக்கணும்" என்று பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அக்காவிடம் சொன்னேன், அவளுக்கு வரவில்லை.

அவளுடைய 'அட்மிஷன் டே' எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொரு துறையும் யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். வாரத்தில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு யூனிட்டுக்கு அட்மிஷன் டே. அன்றைக்குப் புதிதாகச் சேரும் நோயாளிகள் எல்லாரும் அந்த யூனிட் கணக்கு. காலை ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும், அதற்கு ஐந்தரைக்கே எழ வேண்டும். ரவுண்ட்ஸ், அப்புறம் ஓ.பி., மதியம் கிடைத்தால் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி ரவுண்ட்ஸ், அப்புறம் ராத்திரி. ராத்திரி முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ராத்திரி சேர்ந்தவர்கள் எல்லாரையும் காலையில் பெரிய டாக்டர் வந்து பார்க்கும்போது அவர்களைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியது ராத்திரி இருந்தவர்தானே? ஆகவே மறுநாள் மதியம் ஒன்றரை, இரண்டு வரைக்கும் அங்கேதான். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முப்பது மணி நேரம். அடுத்த அட்மிஷன் டே வரைக்கும் நடுவில் சாதாரண டூட்டி நாட்களும், எப்போதாவது ஒரு கேஷுவால்டி நைட்டும் தனி.

போன லீவில் ஊருக்குப் போகிற வழியில் அம்மா சொன்னதற்காக அவளைப் பார்க்க இறங்கினேன். பஸ் போய்ச் சேரும்போது ராத்திரி பதினொன்றரை. கையில் அம்மா முன்பே கொடுத்தனுப்பியிருந்த அதிரசம், வழியில் ஹோட்டலில் வாங்கிய புரோட்டா பார்சல். "வெளிய வர முடியாதுடா, கேஷுவால்டி வாசல்ல உக்காரு, அஞ்சு நிமிஷத்துல வர்றேன்" என்றாள். அந்த ஐந்து நிமிஷம் ஒன்றே முக்காலுக்கு வந்தது. அதுவரை சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் போனை எடுக்காமல் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பைக்கில் விழுந்த இரண்டு பையன்கள் வந்தார்கள், நம்ம வயசுதான். ஒருத்தன் ஹெல்மெட் போடவில்லை, அவனுக்குக் காதிலிருந்து ரத்தம். விபத்து, அடிதடி என்று வந்தால் 'ஏ.ஆர்.' என்ற ரிஜிஸ்டரில் காயத்தை எல்லாம் அளந்து எழுத வேண்டும், நாளைக்குக் கோர்ட்டில் அதுதான் பேசும். நெஞ்சுவலி என்று ஒரு பெரியவர். கூட வந்த பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஆனால் அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. "ஒரு செவப்பு மாத்திரை, ஒரு வெள்ள மாத்திரை" என்று மகன் சொல்கிறார். அப்புறம் 108-ல் ஒரு விவசாயி. ராத்திரி மோட்டார் போடப் போன இடத்தில் வரப்பில் பாம்பு கடித்துவிட்டது.

பாம்புக்கடிக்கு அவர்கள் முதலில் செய்யும் சோதனை என்ன தெரியுமா? நான் ஏதோ பெரிய மெஷின் என்று நினைத்தேன். ஒரு கண்ணாடி டெஸ்ட் டியூப், அவ்வளவுதான். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டியூபில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைக்க வேண்டும். அப்புறம் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைந்திருந்தால் இப்போதைக்குப் பரவாயில்லை. தண்ணி மாதிரி ஓடினால் விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்திருக்கிறது, உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். முதல் தடவை உறைந்துவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது. முதல் மூன்று மணி நேரத்துக்கு அரை மணிக்கு ஒரு தடவை திரும்பச் செய்ய வேண்டும். இருக்கிற சோதனையிலேயே எளிமையானது இது. ஆனால் இதற்கு ஒன்று வேண்டும்: நேரத்தை மறக்காத ஒரு தலை. அக்கா பிளாஸ்திரி ஒன்றைக் கிழித்து அதில் '1.10' என்று எழுதி டியூபில் ஒட்டினாள். அந்த 20 நிமிஷத்துக்குள் இன்னொரு நோயாளிக்கு வென்ஃப்ளான் போட்டாள், ஒரு ஈ.சி.ஜி. எடுத்தாள், ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள். ஆமாம், ஸ்ட்ரெச்சர் தள்ளினாள். அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

ஒன்றே முக்காலுக்கு வந்தவள் நின்றுகொண்டே புரோட்டாவை இரண்டு வாய் தின்றாள். அதற்குள் உள்ளே இருந்து ஸ்டாஃப் நர்ஸ் கூப்பிட்டார். பார்சலை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். காலையில் நான் பஸ் ஏறும்போதும் அது என் கையில்தான் இருந்தது.

இப்போது அந்த டியூப் கதை. இது நான் போய் வந்து மூன்று வாரம் கழித்து நடந்தது. போனில் சொன்னாள், சொல்லும்போது குரல் வேற மாதிரி இருந்தது. ஒரே வார்டு, பக்கத்துப் பக்கத்துப் படுக்கை, இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் ரத்தசோகை, இரண்டு பேருக்கும் ரத்தம் ஏற்ற வேண்டும். இரண்டு பேர் பெயரும் ஒரே சாமியின் பெயரில் ஆரம்பிக்கும். காலை ஐந்தரை மணி. அவள் தூங்கி எழுந்து சரியாக 24 மணி நேரம் ஆகியிருக்கிறது. இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு, மேசைக்கு வந்து உட்கார்ந்து, பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். மாற்றி ஒட்டிவிட்டாள். டியூப்களைக் கொண்டுபோய் ரத்த வங்கியில் கொடுத்ததும் அவளேதான்.

ரத்த வங்கியில் இருந்த டெக்னீஷியன் குரூப் பார்த்திருக்கிறார். ஒரு பெண்ணுக்குப் போன வாரமும் ரத்தம் ஏற்றியிருந்ததால் பழைய ரிஜிஸ்டரில் அவர் குரூப் 'பி' என்று இருக்கிறது. இப்போது வந்த டியூபில் 'ஓ'. ஒரு வாரத்தில் யாருக்கும் குரூப் மாறாது. அவர் போன் போட்டு, "மேடம், சாம்பிள் மாறியிருக்கு போல, ரெண்டு பேருக்கும் திரும்ப எடுத்து அனுப்புங்க" என்று சொல்லியிருக்கிறார். திட்டவில்லை, மேலே புகார் சொல்லவில்லை. குரூப் மாறிய ரத்தம் உடம்பில் ஏறினால் ஆள் செத்தே போகலாம் என்பது அவருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அதனால் இரண்டு பேருமே அதைப் பேசவில்லை.

திரும்ப ஊசியோடு போனபோது அந்தப் பெண், "எத்தன தடவதாம்மா குத்துவ, படிச்சிட்டுத்தான வந்த?" என்று சத்தம் போட்டிருக்கிறார். "அவங்க திட்டுனது எனக்கு நல்லா இருந்துச்சுடா" என்றாள் அக்கா. எனக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை.

இப்போது நாம் இன்ஜினியரிங் மாணவர்களாக யோசிப்போம். அந்தப் பெண் போன வாரம் ரத்தம் ஏற்றாமல் இருந்திருந்தால்? இரண்டு பேருமே முதல் தடவை வந்தவர்களாக இருந்திருந்தால்? ரிஜிஸ்டரில் பழைய குரூப் இருந்திருக்காது, டெக்னீஷியனுக்குத் தெரிய வழியே இல்லை. தப்பைப் பிடித்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி நாம் ஒரு பாலம் கட்டுவோமா? ஒரு லிஃப்ட்டுக்கு அப்படி சேஃப்டி டிசைன் செய்தால் வைவாவில் நம்மை என்ன கிழி கிழிப்பார்கள்?

"அக்கா கவனமா இருந்திருக்கணும்" என்று சிலர் சொல்வீர்கள். அவளும் அப்படித்தான் சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1997-ல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு பேர் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். தூங்காமல் இருப்பவர்களையும் மது குடித்தவர்களையும் ஒரே மாதிரிக் கை-கண் சோதனையில் உட்கார வைத்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கும் ஆளின் தடுமாற்றம் வருகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதம் அளவுக்கு. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். அதற்கு மேல் போனால் ஊதச் சொல்லி, வண்டியைப் பிடுங்கிக்கொண்டு, கோர்ட்டுக்கு அனுப்புவார்கள். ஐந்தரை மணிக்கு அக்கா இருந்த நிலைமை அதைவிட மூன்று மடங்கு. குடித்துவிட்டு வந்து ஊசி போடும் டாக்டரைப் பார்த்தால் நாம் வீடியோ எடுத்துப் போட்டிருப்போம். தூங்காமல் வந்து ஊசி போட்டால் "தெய்வம்" என்று ஸ்டேட்டஸ் வைக்கிறோம்.

நேரமும் ஒரு விஷயம். ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் உடம்பின் கடிகாரம் அடிமட்டத்தில் இருக்கும். நாம் பாடத்தில் படிக்கும் விபத்துகளின் நேரத்தைப் பாருங்கள். த்ரீ மைல் ஐலண்ட், 1979, அதிகாலை நாலு மணி. போபால், 1984, நள்ளிரவைச் சுற்றி. செர்னோபில், 1986, ராத்திரி 1.23. மூன்றுக்கும் ஆயிரம் காரணம் இருக்கிறது, தூக்கம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மூன்றும் நடந்தது நைட் ஷிஃப்ட்டில்.

மற்ற தொழில்களில் இதை ஒத்துக்கொண்டு சட்டமே போட்டிருக்கிறார்கள். லாரி, பஸ் டிரைவர்களுக்கு 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்: பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நடைமுறையில் எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை, ஆனால் காகிதத்திலாவது இருக்கிறது. விமானிகளுக்கு வாரம் 36 மணி நேரம் என்றிருந்த தொடர் ஓய்வை 48 ஆக உயர்த்தினார்கள். 2025 டிசம்பரில் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி ஏர்போர்ட்டில் ஜனம் தவித்ததே, ஞாபகம் இருக்கிறதா? புதிய ஓய்வு விதிக்குத் தேவையான அளவு விமானிகளைத் தயாராக வைக்காமல் இருந்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். அப்போது நம் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் "தூங்காத பைலட் ஓட்டுற பிளைட்ல நான் ஏற மாட்டேன்" என்றுதான் எழுதினோம். சரிதானே? தூங்காத டாக்டர் விஷயத்தில் மட்டும் ஏன் நமக்கு அது தோன்றவில்லை?

டாக்டர்களுக்கு இந்தியாவில் விதியே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 1992-ல் மத்திய சுகாதார அமைச்சகம் ரெசிடென்ட் டாக்டர்களுக்கு ஒரு உத்தரவு போட்டது. தொடர் பணி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை. நான் பிறப்பதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முன்னால் வந்த உத்தரவு. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த குழு ஒன்று, வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள் என்று பரிந்துரை செய்தது. கவனித்தீர்களா? 48-லிருந்து 74. முப்பது வருஷத்தில் நியாயத்தின் அளவு அவ்வளவு நகர்ந்திருக்கிறது. ஹவுஸ் சர்ஜன் என்பவர் ரெசிடென்ட் டாக்டருக்கும் கீழே. அவரைப் பற்றித் தனியாகக் கவலைப்பட ஆள் இன்னும் குறைவு.

அமெரிக்காவில் இது மாறுவதற்கு ஒரு பெண் சாக வேண்டியிருந்தது. 1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி ஜயான் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ராத்திரி டூட்டியில் இருந்தவர்கள் பயிற்சி டாக்டர்கள். அவள் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த மனச்சோர்வு மருந்தோடு சேரக் கூடாத ஒரு ஊசியைப் போட்டார்கள். காலையில் அவள் இல்லை. அப்பா ஒரு பத்திரிகையாளர். அவர் விடவில்லை. 1989-ல் நியூயார்க் மாநிலம் வாரம் 80 மணி நேரம், தொடர்ந்து 24 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2003-ல் நாடு முழுக்க 80 மணி நேர விதி வந்தது. அதுவும் ஒன்றும் சொர்க்கம் இல்லை, பாருங்கள். 80 மணி நேரம்!

நியாயமாக எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். அக்காவின் சீனியர்களே இதைச் சொல்கிறார்கள். "ஷிஃப்ட் போட்டா நோயாளிய முழுசா யார் பாக்கிறது? ராத்திரி வந்தவரு காலையில எப்படி இருக்காருன்னு பாத்தாத்தான வேலை கத்துக்க முடியும்?" இதில் உண்மை இருக்கிறது. பாஸ்டனில் ஐ.சி.யூ.க்களில் செய்து 2004-ல் வெளியான ஆய்வில், நீண்ட ஷிஃப்ட் பார்த்த புது டாக்டர்கள் 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தப்புகள் செய்தார்கள் என்று வந்தது. ஆனால் 2019-ல் வெளியான வேறொரு பெரிய ஆய்வில், நீண்ட ஷிஃப்ட்டை அனுமதித்த ஆஸ்பத்திரிகளிலும் நோயாளிகளின் சாவு அதிகமாகவில்லை என்று வந்தது. காரணம் யோசித்தால் புரியும். ஷிஃப்ட்டைச் சின்னதாக்கினால் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் நோயாளியை ஒப்படைப்பது அதிகமாகும். ஒப்படைக்கும்போது பாதி விஷயம் விழுந்துவிடும். குரூப் புராஜெக்ட்டில் நடு செமஸ்டரில் ஆள் மாறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

ஆனால் அதற்கு விடை 30 மணி நேரம் விழித்திருப்பது இல்லை, ஒப்படைப்பதை ஒழுங்காகச் செய்வது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 ஆஸ்பத்திரிகளின் குழந்தைகள் பிரிவுகளில் ஒரு முறையைச் செய்து பார்த்தார்கள். நோயாளி எவ்வளவு மோசம், கதைச் சுருக்கம், செய்ய வேண்டிய வேலை, எது நடக்கலாம், நடந்தால் என்ன செய்வது, கடைசியில் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். 2014-ல் முடிவு வந்தது: மருத்துவத் தப்புகள் 23 சதவீதம் குறைந்தன. இதற்கு எந்த மெஷினும் வாங்கவில்லை. அக்காவின் வார்டில் ஒப்படைப்பது எப்படி நடக்கிறது என்று கேட்டேன். "7-ம் பெட்டப் பாத்துக்கோ, போறேன்."

அடுத்த வாதம், "ஆள் இல்லையே". இதைத்தான் எல்லாரும் கடைசியில் சொல்வார்கள். சரி, அந்த ஸ்ட்ரெச்சருக்கு இப்போது வருவோம். நான் பார்த்த அந்த ராத்திரியில் அக்கா செய்த வேலையில் எவ்வளவு டாக்டர் வேலை? ஸ்ட்ரெச்சர் தள்ளியது, எக்ஸ்ரே படத்தை வாங்கி வந்தது, லேபுக்கு மூன்று தடவை நடந்தது, ரத்த வங்கிக்கு மாடி ஏறி இறங்கியது, தீர்ந்துபோன ஃபாரத்தை இன்னொரு வார்டில் தேடியது. நான் பார்த்த வரைக்கும் பாதி நேரம் இதற்கே போனது. இதைச் செய்ய எம்.பி.பி.எஸ். படித்திருக்க வேண்டியதில்லை. ராத்திரிக்கு இரண்டு உதவியாளர்களைக் கூடுதலாகப் போட்டால் அந்த யூனிட்டில் ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜனும் மாறி மாறி மூன்று மணி நேரம் தூங்கலாம். நூறு புது டாக்டர் வேண்டாம். ஆனால் ஹவுஸ் சர்ஜன் இருக்கும்போது அந்தச் செலவு எதற்கு? ஏற்கெனவே கையில் இருக்கும் ஆள், "முடியாது" என்று சொல்ல முடியாத ஆள். இன்டர்ன்ஷிப் போன சீனியர்களைக் கேட்டுப் பாருங்கள், நம்ம தொழிலிலும் இந்தக் கணக்கு உண்டு.

"அந்தக் காலத்துல நாங்க 48 மணி நேரம் பாக்கலயா?" என்று பெருமையாகச் சொல்லும் பெரியவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. அப்போது மாறிப்போன டியூப்களை யார் எண்ணினார்கள்?

தூங்குவதற்கு இடமும் வேண்டும். 2024 ஆகஸ்ட் 9-ஐ நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் நீண்ட டூட்டியின் நடுவில் செமினார் ஹாலில் ஓய்வெடுக்கப் போன பயிற்சி டாக்டர் பலாத்காரம் செய்து கொல்லப்பட்டார். நாமும் இங்கே மெழுகுவர்த்தி ஏற்றினோம். அதற்கு அடுத்த மாதம் நானும் என் ஃபிரண்ட்ஸ் மூன்று பேரும் ஹேக்கத்தானுக்கு ஐடியா தேடிக்கொண்டிருந்தோம். அக்கா அப்போது கடைசி வருஷம், ராத்திரி வார்டுக்கெல்லாம் போக ஆரம்பித்திருந்தாள். பெண் டாக்டர்களுக்கு ஒரு எமர்ஜென்சி ஆப், லொக்கேஷன், சைரன், எல்லாம் யோசித்து வைத்து அவளுக்கு போன் செய்து ஆர்வமாக விளக்கினேன். முழுதாகக் கேட்டாள். அப்புறம் சொன்னாள், "ஆப்பெல்லாம் வேணாம்டா. டூட்டி ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்ல. அதப் போடச் சொல்லு." நாங்கள் அந்த ஹேக்கத்தானில் வேறு ஏதோ செய்து மூன்றாவது பரிசு வாங்கினோம். தாழ்ப்பாள் ஒரு வருஷம் கழித்து வந்தது, அவளோடு படித்தவர்கள் காசு போட்டு வாங்கியது.

இதைப் படிக்கும் நீங்கள் நாளைக்கே சட்டம் மாற்றப்போவதில்லை, நானும்தான். ஆனால் எப்போதாவது ராத்திரி மூன்று மணிக்கு அப்பாவையோ, பைக்கில் விழுந்த ரூம்மேட்டையோ தூக்கிக்கொண்டு கேஷுவால்டிக்கு ஓடத்தான் போகிறோம். எதிரே நிற்கும் டாக்டர் நம்மைவிட இரண்டு மூன்று வயசுதான் பெரியவராக இருப்பார். அவர் எத்தனையாவது மணி நேரத்தில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்டு எழுதி வைத்திருப்பதைச் சொல்கிறேன். வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையை இன்றைக்கே போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் சேர்த்து. லிபி ஜயான் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் பேசாமல் ஒருத்தர் பேசுங்கள். ஸ்ட்ரெச்சர் தள்ள வேண்டியிருந்தால் நீங்களே தள்ளுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது, டியூபில் எழுதும் பெயரைப் படுக்கை பக்கத்திலேயே நின்று எழுதச் சொல்லிக் கேளுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டவும் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். அக்கா இப்போது யாரும் கேட்காமலே அப்படித்தான் செய்கிறாள். நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிவிட்டு, அவர் கண் முன்னாலேயே எழுதி ஒட்டிய பிறகுதான் அடுத்த படுக்கைக்கு நகர்கிறாள். ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் கூடுதலாகிறதாம். அந்த நிமிஷத்தையும் அவள் தூக்கத்திலிருந்துதான் எடுக்கிறாள்.